கோலில் அவன் நிற்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. கோவில்பட்டியில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

உங்கள் ஹாக்கி டீமில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கோல்கீப்பிங் சொல்லிக்கொடு என்று கோச் சொன்னதில் உனக்கு மனத்தாங்கல் என்று போனிலேயே தெரிந்தது. அவன் தேறிவிட்டால் அடுத்த வருஷம் கோலில் அவன்தான் நிற்பான் என்கிறாய். நிற்கட்டுமே. உனக்கும் முப்பத்து மூன்று ஆகிறது. நீ சொல்லித்தராவிட்டாலும் அவன் அடிபட்டுக் கற்றுக்கொள்ளத்தான் போகிறான், என்ன, கொஞ்சம் பிந்தும்.

சரளைத் தரையில் டைவ் அடித்து நீ முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்த காலத்தில், மில்லில் ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளில் நேரே மைதானத்துக்கு வருவாரே அந்த அண்ணன், அவர் உனக்கு என்ன உறவு? பை நிறைய பழைய டென்னிஸ் பந்து கொண்டுவந்து, சுவரில் எறிந்து, திரும்பி வருவதைத் தடுக்கச் சொல்வார். தன் லெக் கார்டையே உனக்குக் கட்டிவிடுவார். வார் உன் காலுக்கு நீளம் என்று கோணி ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "தடுத்தா போதாதுல, பந்த ஓரத்துக்குத் தள்ளு" என்று அவர் கத்தியது இன்னும் உன் ஆட்டத்தில் தெரிகிறது. அவரும் அப்போது ஆடிக்கொண்டிருந்த கீப்பர்தான்.

2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பைக் காலிறுதியைப் பார்த்திருப்பாய். பெல்ஜியத்தோடு 2-2, அப்புறம் ஷூட்அவுட்டில் 4-3 என்று நம் பிள்ளைகள் ஜெயித்தார்கள். நம் கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் தடுத்த தடுப்புகளைப் பார்த்தபோது எனக்கு இந்திய அணியின் பழைய கீப்பர் ஸ்ரீஜேஷ் நினைப்புதான். பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய கையோடு ஓய்வு பெற்று, ஜூனியர் பிள்ளைகளுக்குக் கோச்சாக வந்தவர். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்ற அதே பிள்ளைகள், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து, கடைசிக் குவார்ட்டரில் நாலு கோல் போட்டார்கள். அந்தத் தெம்பு தானாக வந்துவிடாது.

அந்தப் புதுப் பையனுக்கு முதலில் ஷூட்அவுட்டையே எடு. ஒருத்தன் மட்டும் பந்தோடு கீப்பரை எதிர்த்து வந்து கோல் போட எட்டு நொடிதான் என்றாலும் அந்த நேரம் கீப்பருக்குச் சாதகம். சின்னப் பையன்கள் விசில் ஊதியதும் கண்மண் தெரியாமல் ஓடிவந்து விழுந்துவிடுவார்கள். விழுந்த கீப்பரைத் தாண்ட எவனாலும் முடியும். முன்னால் வந்தாலும் காலில் நிற்க வேண்டும், வருகிறவனைத் தன் வலது பக்கம் ஒதுக்கி ஸ்டிக்கைத் திருப்பி ரிவர்ஸில் அடிக்க வைக்க வேண்டும். இதையெல்லாம் வாயால் விளக்கிக்கொண்டிருக்காதே. அவனைக் கோலில் நிறுத்திவிட்டு, ஸ்டிக்கோடு நீயே பந்தை உருட்டிக்கொண்டு வா. நீ எப்படி ஏமாற்றுகிறாய் என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஒருநாளைக்கு ஒரு தப்பை மட்டும் திருத்து. நாலு பேர் எதிரில் திட்டாதே, உனக்கும் அது பிடிக்காது.

அப்புறம், லீவில் வரும்போது உன் பழைய லெக் கார்டையும், பூட்ஸ் மேல் மாட்டுகிற கிக்கரையும் கொண்டு வா. இங்கே ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி துணிச்சலாகக் கோலில் நிற்கிறாள், பேடுதான் இல்லை. ஹெல்மெட் மட்டும் பழசு வேண்டாம், அடி வாங்கிய ஹெல்மெட்டை நம்பக் கூடாது. புதிதாக வாங்கு, பாதிப் பணம் நான் தருகிறேன். டிக்கெட் போட்டதும் சொல்.

அன்புடன்,
அப்பா