ஆல்ஃபிரட்டின் மகளும் பேத்தியும்

அன்பு மகளுக்கு,

டாம்வொர்த் ஸ்டேஷன் வாசலில் உயரமாக ஒரு பெண் சிலை நிற்கிறதே, அது யார் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற கதையில்லை, அதனால் எழுதுகிறேன். அவள் எதெல்ஃப்ளெட், ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தின் தெற்கே வெசெக்ஸ் என்ற நாட்டை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னரின் மூத்த பெண்.

ஆல்ஃபிரட் பெயர் உனக்குத் தெரிந்திருக்கும். 878 ஜனவரியில் டேனியர்கள், அதாவது கடல் கடந்து வந்த வைக்கிங்குகள், அவருடைய சிப்பன்ஹாமுக்குள் திடீரென்று புகுந்ததும் சாமர்செட் சதுப்பு நிலத்தில் போய் ஒளிந்து, அந்த மே மாதமே எடிங்டனில் அவர்களை முறியடித்தவர். அப்போது இவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும். அப்பாவின் ராஜ்ஜியம் கைவிட்டுப் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கண்ணு அது.

அப்புறம் வெசெக்ஸுக்கு வடக்கே இருந்த மெர்சியா நாட்டை ஆண்ட எதெல்ரெட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 911இல் அவர் இறந்ததும் மெர்சியாக்காரர்கள் இவளையே தங்கள் தலைவியாக ஏற்றார்கள். இவள் பிறந்த வெசெக்ஸில் அரசன் மனைவியை ராணி என்று கூப்பிடக்கூட விடமாட்டார்கள் என்று ஆல்ஃபிரட்டின் வரலாற்றை எழுதிய பாதிரியார் ஆஸரே சொல்கிறார், அதை நினைத்தால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அவள் செய்த வேலையைப் பார். 913 கோடையின் தொடக்கத்தில் டாம்வொர்த்தில் அரண், ஆகஸ்ட் பிறப்பதற்குள் ஸ்டாஃபோர்டில் இன்னொன்று, அடுத்த வருடம் வாரிக், அதற்கடுத்து ரன்கார்ன். ஊரைச் சுற்றி மண்ணாலும் மரத்தாலும் அரண் எழுப்பிக் காவல் வீரர்களை வைத்துவிட்டால், கொள்ளையடிக்க வருகிறவன் சும்மா கடந்து போக முடியாது, மக்களும் உள்ளே வந்து தப்பிக்கலாம். தெற்கே, அப்பாவுக்குப் பிறகு வெசெக்ஸ் அரசரான தம்பி எட்வர்டும் இதையேதான் செய்துகொண்டிருந்தார். 917இல் டேனியர் கையிலிருந்த டார்பியைப் பிடித்தாள். அவளுக்குப் பிரியமான நான்கு தளபதிகள் கோட்டை வாசலுக்குள்ளேயே இறந்தார்கள் என்று, மெர்சியாவின் நிகழ்ச்சிகளை வருடவாரியாகச் சொல்லும் பழைய மெர்சியக் குறிப்பு சொல்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று வரி மட்டுமே எழுதுகிற குறிப்பில் அந்தப் 'பிரியமான' எப்படியோ இடம் பிடித்துவிட்டது, நான் ஒவ்வொரு முறையும் அங்கே நின்றுவிடுவேன். 918இல் லெஸ்டர் சண்டையில்லாமல் பணிந்தது, யார்க் மக்களும் பணிவதாக வாக்குக் கொடுத்தார்கள். அந்த ஜூன் 12ஆம் தேதி டாம்வொர்த்தில் இறந்துபோனாள்.

எனக்கு ஆறாதது இதற்குப் பிறகு நடந்ததுதான். அவளுக்கு ஒரே பெண், எல்ஃப்வின். அம்மாவுக்குப் பிறகு மெர்சியா அவள் கைக்கு வந்தது. டிசம்பரிலேயே எட்வர்ட், சொந்தத் தாய்மாமன், அதிகாரம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு அவளை வெசெக்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார். இரண்டு நாடும் ஒன்றானால்தான் டேனியரை விரட்ட முடியும் என்று அதற்கு நியாயம் சொல்லலாம், சரி, சொல்லட்டும். அக்கா உயிரோடிருந்தவரை அவள் தோளோடு தோள் நின்று சண்டை போட்டவர், அவள் பெண்ணை இப்படிச் செய்திருக்க வேண்டாம். வெசெக்ஸ் பக்கத்துக் குறிப்பில் எதெல்ஃப்ளெட்டே 'அரசரின் சகோதரி இறந்தார்' என்ற அளவில்தான் வருகிறாள். இந்தப் பெண்ணைக் கொண்டுபோனதைச் சொல்வதும் அந்த மெர்சியக் குறிப்புதான், அதோடு அவள் பேச்சே இல்லை.

டாம்வொர்த் கோட்டைக்குப் பக்கத்தில் 1913இல் வைத்த பழைய சிலை ஒன்றும் இருக்கிறது, அதையும் பார்த்துவிடு. அவள் அணைத்து நிற்கும் சிறுவன் தம்பி மகன் அதெல்ஸ்டன், இங்கிலாந்து முழுவதையும் முதலில் ஆண்டவன். எல்ஃப்வினை அங்கே யாரும் வைக்கவில்லை. உன் ஊர் நூலகத்தில் அவளைப் பற்றி ஏதாவது கிடைத்தால் படித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா