கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்துக்கு நிரந்தர ஒளியமைப்பு கோரி மனு

அனுப்புநர்: கழுதுருட்டி, ஆரியங்காவு வட்டாரத் தமிழ்க் குடியிருப்பாளர்கள், மின்பணியாளர்கள், கொல்லம் மாவட்டம், கேரளம்.

பெறுநர்: கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள், மதுரைக் கோட்டம், தென்னக ரயில்வே.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

கொல்லம்–செங்கோட்டைப் பாதையில் 1904 முதல் நிற்கும் பதின்மூன்று கண் பாலம், 2018-இல் அகலப்பாதை வந்த பிறகும் ரயிலைத் தாங்குகிறது. தேசிய நெடுஞ்சாலை 744-இல் போகிறவர்கள் பகலில் இறங்கி நின்று பார்க்கிறார்கள். பொழுது சாய்ந்தால் இப்படியொரு பாலம் இருப்பதே தெரிவதில்லை. இதற்கு நிரந்தர ஒளியமைப்பு வேண்டுகிறோம். ஆனால் நிறம் மாறும் பட்டை விளக்குகள் வேண்டவே வேண்டாம்.

விளக்கைத் தூணடியில், கல்லிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, ஒளி கல்லை உரசி மேலேறும்படி திருப்ப வேண்டும். அப்போதுதான் கல்லின் மேடுபள்ளம் நிழலோடு எழும். சாலையோரக் கம்பத்திலிருந்து ஃபிளட் லைட் அடித்தால் வெள்ளையடித்த சுவர்போல் தட்டையாகிவிடும். கண்ணுக்கு, அதாவது ஒவ்வொரு வளைவுக்கும், இரண்டாக 26 எல்.இ.டி. விளக்குகள் போதும்: தலா 18 வாட், 2700 கெல்வின் வார்ம் ஒயிட், 15 டிகிரி வீச்சு. மாலை 6.30 முதல் 9.30 வரை எரிந்தால் நாளுக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. பக்கத்திலேயே செந்துருணி வனவிலங்கு சரணாலயம் இருப்பதால் அதன்பின் அணைத்துவிட வேண்டும்.

சிவப்பு, மஞ்சள், பச்சை ஒளி எதுவும் கூடாது. ரயிலை ஓட்டும் லோகோ பைலட்டுக்குச் சிக்னலாகத் தோன்றும். விளக்கின் வாய் தண்டவாளத்தையோ சாலையையோ பார்க்காதபடி மறைப்புத் தகடு வேண்டும்.

கல்லில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. துளை வழியே இறங்கும் மழைநீர் இணைப்புச் சாந்தை அரிக்கும். தரையில் தனி கான்கிரீட் பீடம் வைத்து, அதில் பொருத்தினால் போதும்.

தூசியும் நீரும் புகாது எனத் தரம் குறித்த ஐ.பி. 67 விளக்கிலும் தண்ணீர் ஏறுகிறது. எரியும்போது உள்காற்று சூடாகி விரிகிறது. சாரல் பட்டுக் குளிர்ந்து சுருங்கும்போது, கேபிள் நுழையும் இடத்தை இறுக்கும் கிளாண்ட் வழியே ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆகவே காற்றை விட்டு நீரைத் தடுக்கும் காற்றுத் துளை வால்வு உள்ள விளக்கே வாங்க வேண்டும். கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டே உள்ளே நுழைக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கொட்டும் இடம் இது. இடி மின்னலும் அதிகம். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., மின்னல் அதிர்வைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர், எஃகு உறையிட்ட ஆர்மர்டு கேபிள், முறையான எர்த்திங் ஆகியவற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தண்டவாளத்துக்கு மேலே ஓடும் 25,000 வோல்ட் மின்கம்பியிலிருந்து 2 மீட்டர் இடைவெளிக்குள் எந்த வேலையும் நடக்கக் கூடாது.

முதலில் இரண்டு கண்களுக்கு மட்டும் தற்காலிகமாக விளக்கு வைத்து, பொறியியல், மின், சிக்னல் துறையினர் இரவில் ரயில் எஞ்சினிலிருந்தே பார்வையிட ஆணையிடுமாறும், ஒப்பந்தத்திலேயே 5 ஆண்டுப் பராமரிப்பையும் மாதம் ஒருமுறை கண்ணாடியில் பாசி துடைப்பதையும் சேர்க்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வட்டார மக்கள்