நரம்பு மாற்று அறுவைக்குப் பின் மூளைக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருசக்கர வாகன விபத்துச் செய்திகளில் தலைக்காயமும் எலும்பு முறிவும் பேசப்படும் அளவுக்குத் தோள் நரம்புப் பின்னல் காயம் பேசப்படுவதில்லை. தூக்கி எறியப்பட்டு விழுபவரின் கழுத்து ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபடும்போது, தண்டுவடத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் வேரோடு பிய்ந்துவிடுவதுண்டு. எலும்பில் கீறல்கூட இல்லாமல் கை முழுவதும் துவண்டு தொங்கும். பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் இருக்கும் இளைஞர்கள்.

இத்தகையோருக்கு, விலா எலும்புகளுக்கு இடையே மூச்சுத் தசைகளை இயக்கும் நரம்புகள் சிலவற்றை எடுத்து, முழங்கையை மடக்கும் புயத்தசையின் நரம்போடு இணைக்கும் அறுவை செய்யப்படுகிறது. நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், தசையில் முதல் துடிப்பு தென்படவே மாதக்கணக்கில் ஆகும். அப்போதும் கையை மடக்க வேண்டும் என்று நினைத்தால் மடங்காது. மூச்சை ஆழமாக இழுத்தால்தான் தசை இறுகும். இருமினாலும் தும்மினாலும் தானாகவே இறுகும். அந்த நரம்பை மூளை இன்னும் மூச்சுக்கு உரியதாகவே வைத்திருக்கிறது.

இயன்முறை மருத்துவர்களாகிய எங்கள் வேலை இங்கேதான் தொடங்குகிறது. நோயாளியின் கையை மேசைமேல் கிடத்தி, புயத்தசைமீது விரலை வைத்துக்கொண்டு, "மூச்சை இழுங்க, இழுத்துக்கிட்டே மடக்கப் பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பயிற்சி தொடரத் தொடர மூச்சின் துணை குறைந்து, பேசிக்கொண்டே கையை மடக்கும் நிலை வருகிறது. மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு செலுத்தி இதை ஆராய்ந்த ஜப்பானிய மருத்துவர்கள், அந்தப் புயத்தசையை இயக்கும் இடம் மூளையில் விலாத் தசைகளின் பகுதியிலிருந்து கைக்குரிய பகுதியை நோக்கி மெல்ல நகர்ந்ததை 1995இல் பதிவு செய்தார்கள். மறு ஆண்டு, மூளையில் சிறு சேதம் ஏற்பட்ட குரங்குகளிடம் ராண்டால்ஃப் நூடோ குழுவினர் செய்த ஆய்வில், பயிற்சி பெற்றவற்றுக்குக் கைக்குரிய எஞ்சிய பகுதி காப்பாற்றப்பட்டது. பயிற்சியில்லாத குரங்குகளுக்கு அதுவும் சுருங்கிப் போயிருந்தது.

ஆனால் தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்துவிட்டதாகவே பல குடும்பங்கள் எண்ணுகின்றன. சில மாதங்களாகியும் கை அசையவில்லையே என்று மனம் விட்டு, பேருந்துச் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் அஞ்சி, துடிப்பு தொடங்கவிருக்கும் நேரத்தில் வராமல் நின்றுவிடுபவர்களைக் காணும்போது மனம் பதறுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்து என்ன நடக்கும் என்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

2021 முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே சென்று இயன்முறை சிகிச்சை தரப்படுகிறது. நரம்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களையும் அதன் பட்டியலில் தவறாமல் சேர்த்து, செல்லும் பணியாளர்களுக்கு மூச்சோடு இணைந்த இந்தப் பயிற்சியைக் கற்பிக்க வேண்டும். எந்த மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம், என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி, மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளிலேயே நோயாளியின் கையில் கொடுக்கச் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
வேலூர்.