மாத்திரை கொண்டுவருபவரையும் கிராம சபை கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரை நோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீடு தேடி வருவதையும், படுக்கையில் கிடப்போருக்கு வலிநிவாரணச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே கிடைப்பதையும், 2024-இல் இத்திட்டம் ஐ.நா. விருது பெற்றதையும் நாளிதழ்கள் விரிவாகவே எழுதின. அந்தப் பாராட்டில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மாத்திரைகளை வீடுவீடாகக் கொண்டுசெல்லும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஊரில் கண்டதை எங்கே, யாரிடம் சொல்கிறார் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அரசு மருந்தகங்களில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து, ஒவ்வொரு மருத்துவ நிலையமும் தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் பாஸ்புக் கணக்கில் பதிந்து மருந்து எடுக்கும் முறை பிற மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட நல்ல முறை. இருப்பினும் அந்தக் கணக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியோடு நின்றுவிடுகிறது. சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் போதிய இருப்பில் உள்ளதாகப் பதிவேடு காட்டும் அதே வாரத்தில், கட்டட வேலைக்குப் பெங்களூரு போனவர் அங்கே மாத்திரையின்றி இருப்பதும், ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் சாப்பிட்டால் கால் வீங்குகிறது என்று ஒரு மூதாட்டி தாமாகவே அதை நிறுத்திவிட்டதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அவற்றை அறிந்தவர் அந்தத் தன்னார்வலர் ஒருவரே. அவரிடம் கேட்கப்படுவதோ எத்தனை பேருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளவெடுத்தீர்கள் என்ற எண்ணிக்கை மட்டுந்தான்.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கமே ஊர்தோறும் கிராம சுகாதாரக் குழு அமைக்கச் சொன்னது. 2007 முதல் மக்கள் தாங்களே சுகாதாரச் சேவையைக் கண்காணிக்கும் முன்னோடி முயற்சி ஒன்பது மாநிலங்களில் நடந்தபோது தமிழ்நாடும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. மகாராஷ்டிரத்தில் அது, மருத்துவர்களும் அதிகாரிகளும் மக்கள் முன் அமர்ந்து பதில் சொல்லும் பொது விசாரணைகளாக வளர்ந்து பல ஆண்டுகள் தொடர்ந்தது. சத்தீஸ்கரில் 2002-இல் தொடங்கிய 'மிதானின்' என்ற ஊர் சுகாதாரத் தன்னார்வலர் திட்டத்தின் பெண்கள் நோயாளிகளைக் கவனிப்பதோடு, ரேஷன், குடிநீர், அங்கன்வாடி ஆகியவற்றின் குறைகளையும் ஊர்க் குழுவில் எழுப்புவதைத் தம் வேலையாகவே கருதுகிறார்கள். நம் ஊர்களிலோ அந்தக் குழு பெரும்பாலும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கவும், ஆண்டு நிதியில் பிளீச்சிங் பவுடர் வாங்கவுமே கூடுகிறது. (பிளீச்சிங் பவுடர் வேண்டாம் என்பதல்ல, அதற்கு ஒரு குழு தேவையில்லை என்கிறேன்.)

மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த இந்தப் பெண்கள் வெளிப்படையாகப் பேசத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், பணி நிரந்தரம் ஏதுமின்றி இருப்பவர், 'மருந்து வரவில்லை' என்று ஊர் கூடிய இடத்தில் சொன்னால் மறுமாதம் தமக்கு வேலை இருக்குமா என்றுதான் முதலில் யோசிப்பார். ஆகவே அவர்களுடைய ஊதியத்தையும் பணிப் பாதுகாப்பையும் தொழிலாளர் கோரிக்கையாக மட்டும் பார்க்கக் கூடாது. அவை நோயாளியின் உரிமையோடும் பிணைந்தவை. உயிர் காக்கும் சிகிச்சையை உரிய நேரத்தில் அரசு மருத்துவமனை மறுப்பது உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசமைப்பின் 21-ஆவது பிரிவை மீறுவதாகும் என 1996-இல் உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க வழக்கொன்றில் தீர்ப்பளித்தது; ராஜஸ்தான் 2023-இல் சுகாதார உரிமைக்குத் தனிச் சட்டமே இயற்றியது. தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு சட்டம் வரட்டும். அது வரும்வரை காத்திருக்காமல் ஊராட்சி அளவில் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு.

இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் மருந்து இருப்பு, விட்டுப்போன நோயாளிகள், நிறைவேறாத பரிந்துரைகள் ஆகியவற்றைத் தன்னார்வலர் வாசிக்கவும், அதற்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் அல்லது அவருடைய பிரதிநிதி அங்கேயே பதிலளிக்கவும், இரண்டும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகவும் ஊரக வளர்ச்சித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் கூட்டாக ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். வாசித்ததற்காக எந்தத் தன்னார்வலரையும் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்ற வரியும் அந்த ஆணையில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்.