சிலைகளைக் காப்பாற்றிய கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறையில் பேரனை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை விட்டு எனக்கு நகர மனம் வரவில்லை. அவனோ, "இதெல்லாம் மண்ணுக்குள்ள கிடந்த சிலைகள்னு சொன்னீங்களே தாத்தா, எப்படி இவ்வளவு சுத்தமா இருக்கு?" என்றான்.

விடை அதே வளாகத்தில்தான் இருக்கிறது. 1930இல் இங்கே வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கினார்கள். மண்ணிலுள்ள குளோரைடு உப்பு வெண்கலத்தில் ஏறிவிட்டால், ஈரக்காற்று படப்படப் பச்சைப் பொடி பூத்துச் சிலையை அரித்துத் தின்னும். அங்கே பணியாற்றிய வேதியியலாளர் எஸ். பரமசிவன், கரைசலில் மின்சாரம் செலுத்தும் மின்னாற்பகுப்பு முறையில் அந்த உப்பை வெளியேற்றிச் சிலைகளைக் காப்பாற்றினார். நாம் கும்பிட்டு வியக்கும் முகங்கள் பலவும் அப்படி மீண்டவை. பரமசிவன் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் 2019இல் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தைச் சுற்றிக் கண்ணாடி அறை எழுப்பி, பார்வையாளர் கண்ணெதிரிலேயே ஆய்வைத் தொடங்கினார்கள். நம் ஆய்வுக்கூடத்தின் வேலையையும் மக்கள் பார்க்க வழி செய்யலாம். உப்பு நீக்குவதையும், சுவாமிமலை சிற்பிகள் மெழுகில் உரு செய்து உலோகம் வார்ப்பதையும் குறும்படங்களாக எடுத்து, 1896இல் கட்டிய மியூசியம் தியேட்டரில் மாதம் ஒரு ஞாயிறு திரையிட்டால் முதல் வரிசையில் நானும் பேரனும் இருப்போம்.

— வாசகர், பெரம்பூர், சென்னை