தமிழம்மாவின் ‘எனில்’

உயர்கணிதப் பாடத்தைப் பள்ளிகளுக்குள் கொண்டுவர உடன் நின்ற எல்லோருக்கும்,

வணக்கம். முதல் வாரம் முடிந்துவிட்டது. நேற்று கடைசி மணி அடித்த பிறகும் நான்கு மாணவர்கள் கரும்பலகையை விட்டு நகரவில்லை. “நீங்கள் போங்கள் சார், நாங்கள் அழித்துவிட்டுப் போகிறோம்” என்றார்கள். அழிக்கவில்லை. இன்று காலையில் போய்ப் பார்த்தால் ஒரே கணக்குக்கு மூன்று வண்ணச் சுண்ணக்கட்டியில் மூன்று நிரூபணங்கள். அதில் ஒன்று தவறு. அந்தத் தவறைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. யாரும் சொல்லாமல், மதிப்பெண்ணும் இல்லாமல், தாங்களாகவே நிரூபித்துப் பார்த்துத் தவறியிருக்கிறார்கள்.

கடந்த சில மாதங்களில் நாம் பட்ட பாடு இதை வாசிக்கும் அனைவருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதி யார் வயிற்றையும் கலக்கப் போவதில்லை. நன்றி சொல்ல மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

வாரம் இரண்டு பாடவேளைகளை விட்டுக்கொடுத்த இயற்பியல் ஆசிரியர்களுக்கு (வெக்டரை யார் முதலில் நடத்துவது என்ற சண்டை தனிக்கதை, வென்றது அவர்கள்தான்), கால அட்டவணையை ஏழு முறை கலைத்து அடுக்கிய துணைத் தலைமையாசிரியருக்கு, பயிற்சித் தாள்களை நகலெடுத்தே விரல் கறுத்துப்போன அலுவலக நண்பர்களுக்கு, விடைக்குறிப்பை வரிவரியாகச் சரிபார்த்து எங்கள் பிழைகளைச் சிவப்பு மையில் திருப்பியனுப்பிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, இந்தப் பாடத்தை எடுத்தவர்கள் ஆறே பேர் என்பதால் தனி வகுப்பு நடத்த முடியாமல் தவித்த பள்ளிக்குத் தங்கள் ஆசிரியரை அனுப்பிவைத்த பக்கத்துப் பள்ளிக்கு, விடுமுறையிலும் வந்து எங்கள் சோதனை வகுப்புகளுக்குப் பலியான மாணவர்களுக்கு, அவர்களை அனுப்பிவைத்த பெற்றோருக்கு, எல்லோருக்கும் நன்றி. அந்த மாணவர்கள் எழுதிய தகுதிகாண் தேர்வு இல்லாவிட்டால், 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 7 என்று நம்புகிறவர்கள் வகுப்பில் எத்தனை பேர் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது. அடித்தளத்துக்கென்று முதல் மூன்று வாரங்களை ஒதுக்கியது அவர்கள் புண்ணியத்தால்தான்.

மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்த மடலின் பெரும்பகுதி ஒருவருக்கு உரியது. அவர் கணிதத்தைக் கடைசியாகப் படித்தது பத்தாம் வகுப்பில். எங்கள் பள்ளியின் தமிழாசிரியை. மாணவர்களுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் அவர் தமிழம்மா.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. ஆறு பள்ளிகளின் கணித ஆசிரியர்கள் ஒன்பது பேர் மாணவர் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஒருவர் பாடம் நடத்த மற்றவர்கள் மாணவர்களாக நடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடிப்பு படுதோல்வி. புரியாதவர்போலக் கேள்வி கேட்கச் சொன்னால் ஆளாளுக்கு விடையையே கேள்வியாக மடித்துக் கேட்டோம். அன்று என் முறை. மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்த தமிழம்மா, பலகையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். நான் எழுதியிருந்தது: ‘எல்லா எண்களுக்கும் பெரிய ஓர் எண் உண்டு.’

“சார், இது சரியா?”

“சரிதானே அம்மா. எந்த எண்ணைச் சொன்னாலும் அதைவிடப் பெரியது ஒன்று இருக்குமே.”

“அப்படியானால் அப்படி எழுதுங்கள். இதைப் படித்தால், எல்லாவற்றையும்விடப் பெரிய எண் ஒன்று எங்கோ போய் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி என்பது வேறு, எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்பது வேறு. உங்கள் ‘ஓர்’ இதில் எது?”

ஒன்பது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உயர்கணிதத்தில் எல்லை, தொடர்ச்சி என்று போகும்போது வரும் குழப்பத்தில் பாதி இந்த ‘ஒரு’வுக்கும் ‘ஒரே’வுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. பெரியவர்களே தடுக்கிய இடம் இது. தொடர்ச்சியான (வரைபடம் எங்கும் அறுபடாத) சார்புகளைக் கொண்ட ஒருங்கும் தொடரின், அதாவது முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு மதிப்பை நெருங்கும் தொடரின், கூடுதலும் தொடர்ச்சியானதாகவே இருக்கும் என்று கணித மேதை கோஷி 1821-இல் எழுதினார். 1826-இல் இன்னொரு கணித மேதை ஆபெல் அதற்கு விதிவிலக்கைக் காட்டினார். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரம்பா, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே வரம்பா என்பதுதான் அங்கே விட்டுப்போன வேறுபாடு என்று வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அதே பள்ளத்தில் நானே என் கையெழுத்தில் விழுந்து கிடந்ததை ஒரு பூட்டையும் சாவியையும் வைத்துக் காட்டிவிட்டார்.

அன்று அவர் குடையை எடுத்துக்கொண்டு போகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த செவ்வாயும் வந்தார். யாரும் அழைக்கவில்லை, அவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. திருத்த வேண்டிய கட்டுரை ஏடுகளை மடியில் வைத்துக்கொண்டு பதினோரு செவ்வாய்க்கிழமைகள் எங்களுக்கு உண்மையான மாணவியாக இருந்தார்.

மறுதலையை, அதாவது ‘இது எனில் அது’ என்பதை ‘அது எனில் இது’ என்று திருப்பிப் போடுவதைப் பற்றிப் பேசிய நாளில், “மழை பெய்தால் குடை கொண்டுவருவேன் என்றுதான் சொன்னேன். குடை கொண்டுவந்த நாளெல்லாம் மழை என்று நீங்களாக முடிவு செய்தால் நான் என்ன செய்வது?” என்றார். வெளியே நல்ல வெயில். மூலையில் அந்தக் குடை. அந்த உதாரணம் இப்போது ஆறு பள்ளிகளிலும் ஓடுகிறது.

ஆனால் என்னைப் புரட்டிப்போட்டது தொகுத்தறிதல் (முதல் எண்ணுக்குச் சரிபார்த்து, பிறகு ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அடுத்ததற்குத் தாவும் நிரூபண முறை) நடந்த மாலைதான். ஒன்றிலிருந்து வரிசையாக எண்களைக் கூட்டினால், கடைசி எண்ணையும் அதற்கு அடுத்ததையும் பெருக்கிப் பாதியாக்கிய விடை வரும் என்பதை நிரூபித்துக்கொண்டிருந்தோம். முதல் படி, ஒன்றுக்குச் சரிபார்த்தாயிற்று. இரண்டாம் படி, ‘ஏதேனும் ஓர் எண்ணுக்கு இக்கூற்று உண்மை எனக் கொள்க.’ கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

“நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று வைத்துக்கொண்டால் பிறகு எதை நிரூபிக்கிறீர்கள்?”

வரிசையாக நிறுத்திய செங்கற்களில் முதலாவதைத் தள்ளினால் எல்லாம் சரியும் என்ற உவமை எங்களிடம் தயாராக இருந்தது. சொன்னோம். “செங்கல் புரிகிறது. பலகையில் இருக்கும் வரிதான் புரியவில்லை” என்றார். எழுந்து வந்து சுண்ணக்கட்டியை வாங்கி, ‘எனக் கொள்க’ என்பதை அழித்தார். மேலே எழுதினார்: ‘ஓர் எண்ணுக்கு உண்மை எனில், அடுத்த எண்ணுக்கும் உண்மை.’ ‘எனில்’ என்பதன் கீழ் இரண்டு கோடுகள்.

“நீங்கள் நிரூபிப்பது இந்த முழு வாக்கியத்தைத்தானே? பாதி வாக்கியத்தை மட்டும் எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வைத்தால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?”

அந்த ‘எனில்’லுக்கு எவ்வளவு வலிமை உண்டு, எவ்வளவு இல்லை என்று பார்க்க, வேண்டுமென்றே சூத்திரத்தில் 5-ஐக் கூட்டி எழுதினோம். இரண்டாம் படி அப்போதும் வழுக்கிக்கொண்டு போனது! முதல் படியில்தான் மாட்டியது: 1 வர வேண்டிய இடத்தில் 6. பிறகு கணித மேதை ஆய்லர் 1772-இல் குறிப்பிட்ட கணக்கு. ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அதே எண்ணைக் கழித்து 41-ஐக் கூட்ட வேண்டும். ஒன்று முதல் 40 வரை எதைப் போட்டாலும் பகா எண் வரும். தமிழம்மாவே கட்டுரை ஏட்டின் பின்னட்டையில் போட்டுக்கொண்டு வந்தார். 41-ஐப் போட்டதும் 1681, அதாவது 41-இன் வர்க்கம். “நாற்பது முறை சரி வந்த பிறகுமா?” என்று கேட்டவர் சற்று நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நிரூபணம் எதற்கு என்று அவருக்கு அதன்பிறகு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இத்தனை ஆண்டுகளாக நான் ‘இரண்டாம் படியை அப்படியே எழுது, மதிப்பெண் வந்துவிடும்’ என்று சொல்லி வந்தவன். மாணவர்களும் எழுதினார்கள், மதிப்பெண்ணும் வந்தது. என்னிடம் படித்த எத்தனை பேர் அந்தப் பாதி வாக்கியத்தோடு வெளியே போனார்கள் என்று கணக்கிடத் துணிவில்லை. புதிய பாடத்திட்டம் வருகிறது என்றதும் பாடப்பொருளைத்தான் விழுந்து விழுந்து தயார் செய்தோம். கலப்பெண்ணுக்குக் குறிப்பு, அணிக்கோவைக்குக் குறிப்பு, வகைக்கெழுச் சமன்பாட்டுக்குக் குறிப்பு. ‘எனில்’, ‘ஏதேனும்’, ‘ஒவ்வொரு’, ‘அல்லது’ ஆகியவற்றுக்கு யாரிடமும் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. இப்போது எங்கள் பயிற்சி ஏட்டின் முதல் நான்கு பக்கங்கள் அவைதான், அதில் அவர் கைபடாத வரி கிடையாது. ஏட்டில் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் இங்கேயும் போடவில்லை.

அம்மா, அடுத்த பருவத்தில் உங்கள் யாப்பு வகுப்பின் கடைசி பெஞ்சில் ஓர் இடம் வேண்டும். பதினோரு செவ்வாய்களையும் திருப்பித் தந்துவிடுவதாக இருக்கிறேன். சென்ற வாரம் அதைச் சொல்ல உங்கள் வகுப்பு வாசலுக்கு வந்தபோது, ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு என்று நடத்திக்கொண்டிருந்தீர்கள். அடக்க மாட்டாமல், “நாலசைச்சீர் பதினாறுதானே?” என்று கேட்டுவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. “எண்ணிக்கை சரி சார். பலகையில் இருக்கும் வெண்பா அடியை அலகிட்டுக் காட்டுங்கள்” என்றீர்கள்.

இரண்டாம் சீரிலேயே நிற்கிறேன் அம்மா.

நன்றியுடன்,
உங்கள் கணித ஆசிரியர்