ராம் வாங்கும் முன் அம்மா சொல்வது

அன்புள்ள முகிலா,

நீ அனுப்பிய, வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டருக்கான கொட்டேஷனைப் பார்த்தேன். ரைசன் 7 7700 பிராசஸர், பி650 மதர்போர்டு, இரண்டும் நல்ல தேர்வு. ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) இருக்கும் வரியை மட்டும் மாற்றச் சொல். 16 ஜிபி ஸ்டிக் நான்கு போட்டிருக்கிறார்கள். நான்கு ஸ்லாட்டும் நிறைந்து லைட் எரிந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனாலும் வேண்டாம் கண்ணா. அதே 64 ஜிபியை, ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் 32 ஜிபி ஸ்டிக் இரண்டாகக் கேள்.

இந்த பிராசஸருக்கு நினைவகச் சேனல், அதாவது ராமோடு தரவு பரிமாறும் பாதை, இரண்டுதான். சேனலுக்கு ஒரு ஸ்டிக் என்றால் டிடிஆர்5 (இந்த போர்டுக்கான ராம் வகை) 5200 வேகம் வரை, பிராசஸரைச் செய்யும் ஏஎம்டியே உறுதி தருகிறது. நான்கு ஸ்டிக் போட்டால் அந்த உறுதி 3600-க்கு இறங்கிவிடும். ஒரே சேனலில் இரண்டு ஸ்டிக் இருந்தால் சிக்னல் சுத்தமாக இருப்பதில்லை. முந்தைய வகையான டிடிஆர்4 காலத்தில் இது இவ்வளவு உறுத்தவில்லை. "இப்போ ரெண்டு போடுங்க, அப்புறம் ரெண்டு சேர்த்துக்கலாம்" என்று கடைகளில் இன்னும் சொல்வது அந்தப் பழக்கத்தில்தான். நம் கடையில் நான் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

அதனால் 32-ஆ 64-ஆ என்பதை இப்போதே முடிவு செய்துவிடு. ஆபீஸ் மெஷினில் உன் பெரிய 4கே ப்ராஜெக்டைத் திறந்து, பிரவுசரும் வழக்கம்போல ஓடட்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரி எவ்வளவு வரை ஏறுகிறது என்று பார். 22, 23 ஜிபியில் நின்றால் 16 ஜிபி இரண்டு போதும், மிச்சப் பணத்தை எஸ்எஸ்டியில் (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) போடு. நீ சொல்லும் வேலையைப் பார்த்தால் 64 என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மாமா சொன்ன ஒற்றை 32 ஜிபி ஸ்டிக் மலிவுதான். ஆனால் ஒரு சேனல் சும்மா கிடக்கும். 6000 வேக ஸ்டிக் ஒன்று நொடிக்கு 48 ஜிபி வரை கடத்தும், இரண்டு இருந்தால் 96.

ஏஎம்டியின் உறுதி 5200 வரைதான் என்றாலும், 6000 வேகமே வாங்கு. சிஎல் (ராம் பதில் தர எடுக்கும் தாமதத்தின் எண்) 30 கிடைத்தால் நல்லது. சிஎல் 36-க்கும் அதற்கும் வித்தியாசம் 2 நானோ செகண்ட், எடிட்டிங்கில் உனக்குத் தெரியவே தெரியாது. விலை ரொம்பத் தள்ளியிருந்தால் 36-ஐயே எடு. பெட்டியில் எக்ஸ்போ என்று எழுதியிருக்கிறதா பார், பெட்டியில் போட்ட வேகத்தில் ராமை ஓடவைக்கும் ஏஎம்டியின் செட்டிங் அது.

மாட்டும்போது பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். பெரும்பாலான போர்டுகளில் ஏ2, பி2 என்று அச்சடித்திருக்கும், மேனுவலிலும் ஒருமுறை பார்த்துக்கொள். ஸ்டிக்கில் உள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு சேர்கிறதா என்று பார்த்து, இரு முனையையும் கட்டைவிரலால் நேராக அழுத்து. 'டிக்' என்று சத்தம் வர வேண்டும்.

முதல்முறை ஆன் செய்ததும் திரை சில நிமிஷம் இருட்டாகவே இருக்கும். போர்டு ராமைப் பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்து பவரை நிறுத்திவிடாதே. அப்புறம் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்போவை ஆன் செய். செய்யாவிட்டால் 6000-க்குக் கொடுத்த காசு வீண், பெரும்பாலும் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும். அன்று ராத்திரி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓடவிட்டுத் தூங்கு. ஒரு எரர் காட்டினாலும் ஜோடியாகவே திருப்பிக் கொடு, பில்லைத் தொலைத்துவிடாதே.

டாஸ்க் மேனேஜரில் 6000 என்று வந்ததும் போட்டோ அனுப்பு. வராவிட்டால் போன் பண்ணு, பயாஸில் எங்கே என்ன மாற்றுவது என்று கூடவே இருந்து சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா